மஞ்சள் கொடிக்குப் பின்னால் போனேன்

அறுபத்தெட்டு வயதாகியும் ஆள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வராது. பால்காரரிடம்கூடக் கதவுக்குப் பின்னால் நின்று சொம்பை மட்டும் நீட்டுகிறவள் நான். என்னைத்தான் என் மகன் செல்வம் அவன் அப்பாவோடு சேர்த்துக் கப்பலில் ஏற்றி ஜப்பானுக்குக் கூட்டிப்போனான். (நாமக்கல்லில் எங்கள் கோழிகள் என்ன பாடுபடுகின்றனவோ என்பதுதான் வழியெல்லாம் என் கவலை.)

ஒரு சின்னத் துறைமுக ஊரில் காலையில் இறங்கினோம்.

"அம்மா, நீங்க ஆரு மூஞ்சியவும் பாக்க வேண்டாம்ங்க. நம்மள கூட்டிட்டுப் போறவரு மஞ்சக் கொடி வெச்சிருக்காரு. அதைய மட்டும் பாத்துட்டே வாங்க. மூணு மணிக்குள்ள திரும்போணும். இல்லாட்டி கப்பல் உட்டுட்டுப் போயிரும்" என்றான் செல்வம். என் கப்பல் அட்டை, போன் எல்லாம் அவனிடம்.

ஒரு மீன்கடையில் ஏதோ உயிரோடு நெளிந்ததைப் பார்த்துக் கொஞ்சம் நின்றுவிட்டேன். நிமிர்ந்தால் மஞ்சள் கொடி சாலையைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். அந்தப் பக்கம் போனதும் கொடி திரும்பி இந்தப் பக்கம் வந்தது. நானும் வந்தேன். மறுபடி போனது, போனேன். நாலு தடவை. (சுற்றிப் பார்ப்பது என்றால் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.) பிறகு கொடி நேராக நடந்து ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தது. எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். கோயில்தான் என்று நானும் கழற்றிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டே தலையைத் தூக்கினேன்.

பள்ளிக்கூடம். என்னைச் சுற்றிலும் முதுகில் பை மாட்டிய பொடிசுகள். கொடிக்காரர், பிள்ளைகளைச் சாலை தாண்ட வைக்கும் என் வயது அம்மா ஒருவர். அவர் குனிந்து வணங்கினார், நான் கும்பிட்டேன். அவர் மறுபடி குனிந்தார். யார் முதலில் நிறுத்துவது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

டீச்சரம்மா வகுப்புக்குள் கூட்டிப்போய் ஏதேதோ கேட்டார். கப்பல் போய்விட்டால் என்ன செய்வேன் என்பது மட்டும்தான் என் நினைப்பு. சாக்பீஸை நீட்டினார். கரும்பலகையில் கப்பல் வரைந்தேன். வந்தது லாரி. (நாமக்கல் கை, வேறென்ன வரும். தார்ப்பாய்கூடத் தானாக வந்துவிட்டது.) ஒரு குட்டிப்பெண் ஹாரன் அடித்துக் காட்டினாள்.

"லாரி இல்ல சாமி, கப்பலு" என்றேன். அத்தனை முகத்தையும் நேராகப் பார்த்து, நல்ல சத்தமாக. லாரிக்குக் கீழே அலை அலையாகத் தண்ணீர் போட்டேன். அந்தக் குட்டிக்குப் புரிந்துவிட்டது. துள்ளி எழுந்து ஜன்னல் பக்கம் கடலைக் காட்டினாள். வகுப்பே கைதட்டியது. பிறந்ததிலிருந்து எனக்கென்று யாரும் கைதட்டியது அதுதான் முதல் தடவை.

கொடிக்கார அம்மாவே துறைமுகம் வரை கூட்டிவந்து விட்டார். செல்வம் அழுத கண்ணோடு ஓடிவந்தான்.

"எங்கம்மா போனீங்க?"

"நீ சொன்ன மாதிரிதான் சாமி, மஞ்சக் கொடி பின்னாலயே போனேன்."

என் வீட்டுக்காரர் சிரித்தார். "ஆயிரம் கோழியில நோவுக் கோழிய நின்ன எடத்துல கண்டுபிடிச்சுருவா. கொடி புடிச்ச ஆளு மாறுனது மட்டும் தெரியாது."

இப்போது விசேஷ வீடுகளில் யாராவது என் மருமகளிடம், "உங்க அத்தை எதுவரைக்கும் படிச்சிருக்காங்க?" என்று கேட்டால், அவள் சிரிக்காமல் சொல்கிறாள்:

"அஞ்சாவது வெண்ணந்தூருலங்க. மேல்படிப்பு ஜப்பான்ல."

நான் மறுப்பதில்லை. அங்கே என்ன படித்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு வரைந்தே காட்டுகிறேன். இன்னும் லாரிதான் வருகிறது.