மாமனார் தலையில் கொரிய எண்ணெய்

“எண்ணெய்த் தேர்வு முடிந்தது. இனி முகத்தைப் பற்றிக் கவலையில்லை.” எங்கள் தலைதீபாவளிக்கு முந்தைய நாள் தேதியிட்ட என் டைரியில் இப்படி இருக்கிறது. கீழே கோடு வேறு போட்டிருக்கிறேன். மறுநாள் பக்கத்தில் இரண்டே சொற்கள்: “மாமா பேசினார்.” நடுவில் நடந்ததை எழுத அன்று கை வரவில்லை.

எனக்கு வாலிநோக்கத்தில் ஓர் உப்பளத்தில் மேற்பார்வை வேலை. தலைக்கு மேலேயும் வெயில், உப்புப் பாத்தியிலிருந்து எதிரடித்துக் கீழிருந்தும் வெயில். அதற்காக என் மனைவி சுகன்யா பூசச் சொன்ன சன்ஸ்கிரீன், சாயங்காலம் சோப்புக்கு அசையாது. முகமெல்லாம் பரு. கொரியாக்காரர்கள் முதலில் எண்ணெயால் முகத்தைத் தேய்த்தெடுத்து, பிறகுதான் நுரை போட்டுக் கழுவுவார்கள் என்றாள். உடனே ஆராய்ச்சியில் இறங்கினேன். (கொசுவத்தி டப்பாவைக்கூட முழுதாகப் படித்துவிட்டு வாங்குகிறவன் நான்.) தலைவலித் தைலம்போல் உறைந்திருப்பது எங்கள் வெயிலில் உருகி ஓடிவிடும். ரோஜா வாசனை உப்பளத்தில் மானத்தை வாங்கிவிடும். தேங்காயெண்ணெய் எனக்குப் பருவைக் கூட்டும். கடைசியில், தண்ணீர் பட்டதும் பாலாக வெளுத்து, பிசுக்கின்றிப் போய்விடும் கொரிய எண்ணெய் ஒன்றை வாங்கினேன். அப்படி வெளுப்பதுதான் நல்ல எண்ணெய்க்கு அடையாளம் என்று படித்திருந்தேன்.

அந்தப் புட்டியோடுதான் ராமநாதபுரத்துக்கு, மாமனார் வீட்டுக்குப் போனேன்.

எங்களுடையது காதல் திருமணம். மாமா கல்யாணத்துக்கு வந்தார், கூடவே நின்றார், என்னிடம் மட்டும் பேசவில்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் எனக்கு, “அவுகளுக்கு இன்னொரு தோசை வையி” என்று மகள் வழியாகத்தான் உபசாரம். பேருந்திலேயே சுகன்யா சொன்னாள்: “இந்தத் தீபாவளிக்கும் அய்யா பேசலைன்னா, இனி எப்பவும் பேச மாட்டாக.”

அன்று மாலை, குளியலறை ஜன்னல் விளிம்பில் இருந்த புட்டியைப் பார்த்துவிட்டு அத்தை (என் மாமியார்) என்னவென்று கேட்டார். ஓர் ஆம்பளை முகம் கழுவ எண்ணெய் தேடி அலைந்த கதையைச் சொல்ல வெட்கமாக இருந்தது. “எண்ணெய்தான் அத்தை” என்றேன். (பொய்யில்லையே.) மீதியை அவரே நிரப்பிக்கொண்டார்: மாப்பிள்ளை தீபாவளிக் குளியலுக்கென்று வெளிநாட்டு எண்ணெய் கொண்டுவந்திருக்கிறார்.

விடியுமுன் எழுந்து கொல்லைப்பக்கம் போனால், நல்லெண்ணெய் ஓரமாக இருக்கிறது. வெள்ளிக் கிண்ணத்தில் என் கொரியா மினுங்குகிறது. முதலில் பலகையில் உட்கார வேண்டியவன் நான். ஆனால் மாமா வந்து உட்கார்ந்தார். அத்தையிடம், “அவுக கொண்டாந்தது. மொதல்ல எனக்கு வையி” என்றார்.

உண்மையைச் சொல்ல அதுதான் கடைசி வாய்ப்பு. நானோ செம்பைத் தேடி எடுத்து வைத்தேன். அத்தை கிண்ணம் காலியாகும்வரை தேய்த்தார். மாமா ஒரு செம்பு வெந்நீரை மொண்டு தலையில் ஊற்றினார்.

காது, மூக்கு, மீசை எங்கும் பால் வழிந்தது. “என்னங்க இது, தலை வெள்ளையா ஒழுகுது!” என்று அத்தை செம்பைப் பிடுங்கினார். சுகன்யா என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு என்று எழுதியிருந்தது.

மாமா உரமும் பூச்சிமருந்தும் விற்கும் கடைக்காரர். வழிந்ததை உள்ளங்கையில் ஏந்தினார், விரலால் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்தார். பிறகு கல்யாணத்துக்குப் பின் முதன்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்:

“ஏன் மாப்ள, இது எந்தப் பூச்சிக்கு?”

“முகத்துக்கு, மாமா” என்றேன். “வெயிலுக்குப் பூசுற கிரீமைக் கழுவ.”

“அதானே. மருந்தத் தண்ணியில கலந்தா இப்பிடித்தேன் வெளுக்கும்” என்றவர், கிண்ணத்தில் ஒட்டியிருந்ததை வழித்துத் தம் முகத்திலும் தடவிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்தபிறகுதான் நாங்கள் சிரித்தோம். அடுத்து நான் உட்கார்ந்தேன். வெறும் நல்லெண்ணெய்தான். அவரே தேய்த்துவிட்டார். உப்பள வெயிலைப் பற்றி, உச்சந்தலைக்கு மேலிருந்து, நெடுநேரம் விசாரித்தார்.

இன்றும் நான் எதை வாங்கினாலும், சட்டையோ ஸ்கூட்டரோ, அந்த வீட்டில் முதல் கேள்வி “எந்தப் பூச்சிக்கு?” என்பதுதான். கேட்கும்போதெல்லாம் அந்தப் புட்டிக்கு மனசுக்குள் நன்றி சொல்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. தீபாவளிக்கு முந்தைய நாள் மாலையிலேயே, மாமா கண்ணாடி போட்டுக்கொண்டு குளியலறை ஜன்னலருகே வெகுநேரம் நின்றிருந்தார் என்கிறார் அத்தை. லேபிளைப் படிக்காமல் ஒரு மருந்துப் புட்டியையும் விற்காதவர் அவர். தெரிந்தேதான் தலையைக் கொடுத்தாரா? இரண்டு முறை கேட்டுவிட்டேன். முதல் முறை, கண்ணாடி சரியில்லை என்றார். இரண்டாம் முறை, எனக்கு இன்னொரு தோசை வைக்கச் சொன்னார். ஆகவே இந்தத் தகவல் இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை.