இருபது சுற்று

கார் ஓட்டத் தெரியாததை மறைத்துப் பெண் கட்டப் பார்த்தவன் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில், கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட குமாஸ்தா கொஞ்சம் பெரிய ஆளாகத் தெரிய வேறு வழியும் இல்லை.

பெண் ரோஸ்லின். அவள் அப்பா ஞானமுத்து, ரிட்டயரான எஸ்டேட் சூப்பர்வைசர். அவருடைய கார் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே வெளியே வரும். குளிருக்குப் பயந்து மகளோடு மதுரைக்குக் கிளம்பியவர் ஷெட் சாவியை என்னிடம் கொடுத்தார்.

"தம்பி, சும்மா கெடக்குற எஞ்சின்ல எண்ணெயெல்லாம் கீழ எறங்கிரும். அப்படியே ஸ்டார்ட் பண்ணா இரும்பை இரும்பே தின்னுரும். சனிக்கிழமை சனிக்கிழமை சுவிட்சைப் போடாம, வண்டி மூக்குல ஹேண்டிலை மாட்டி இருபது சுத்து சுத்திருங்க. நான் வந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் கல்யாணத் தேதி பேசணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் தூக்கம் போயிற்று.

ஏழு சனிக்கிழமை சுற்றினேன். காதலில் தோள்பட்டை வலிக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எட்டாவது வாரம் சுற்றி முடித்தபோது, பக்கத்து மலைக்கிராமமான கூக்காலின் ஜீப் டிரைவர் ஒருவர் ஷெட்டை எட்டிப் பார்த்தார்.

"ஹேண்ட் பிரேக் போட்டா வச்சிருக்கீங்க? இந்த ஈரத்துக்கு ஒட்டிக்கிடும்ங்க. மலையில நாங்க முதல் கியர்ல போட்டு, சக்கரத்துக்குக் கல்லு வச்சிருவோம்."

ஓட்டத் தெரிந்தவன் போலத் தலையாட்டி, அவர் சொன்னபடியே செய்தேன். (கேட்டுக்கொள்வதில் மட்டும் நான் குறை வைத்ததே இல்லை.)

அடுத்த சனிக்கிழமை அவர்கள் திரும்பி வரும் நாள். வெள்ளனே போய் ஷெட்டைப் பெருக்கினேன். பெருக்குவதற்காகக் கற்களை எடுத்தேன். ஹேண்டிலை மாட்டிச் சுற்ற ஆரம்பித்தேன்.

கார் கியரில் இருந்தது; எஞ்சினோடு சக்கரமும் சேர்ந்து சுற்றியது. சுற்றச் சுற்ற அது சாண் சாணாக என்னை நோக்கி வந்தது. பெரியவர்களுக்கு வழி விடுவதுபோல நானும் பின்னால் நகர்ந்தபடி எண்ணிக்கொண்டிருந்தேன். களைப்பில், எண்ணிக்கை தவறக் கூடாது என்பதைத் தவிர வேறொன்றும் மண்டையில் ஏறவில்லை. பதினேழாவது சுற்றில் ஷெட்டுக்கு வெளியே சரிவு வந்துவிட்டது. அதற்குமேல் என் உதவி தேவைப்படவில்லை. நான் ஒதுங்கிக் குதித்தேன். கார் முட்டைக்கோஸ் பாத்தியைக் கடந்து பேரி மரத்தில் ஒரு பக்கமாகப் போய் முட்டி நின்றது. ஒரு விளக்கு உடைந்தது.

சரியாக அப்போதுதான் அப்பாவும் மகளும் கேட்டைத் திறந்தார்கள்.

"ஓட்டிப் பாத்தீங்களா தம்பி?"

"இல்லீங்க. எனக்கு ஓட்டவே தெரியாதுங்க. எண்ணெய் ஏத்துனேன்."

அவர் காரைச் சுற்றி வந்தார். உள்ளே கைவிட்டுக் கியரைத் தொட்டுப் பார்த்தார். கல்யாணம் போயிற்று என்று நினைத்தேன்.

"எத்தனை சுத்து ஆச்சு?"

"பதினேழுங்க."

கியரை எடுத்துவிட்டு, "மிச்சம் மூணையும் சுத்துங்க" என்றார்.

சுற்றினேன். சுவிட்சைப் போட்டார்; எஞ்சின் பட்டுப்போல ஓடியது. அதுவரை வாயைப் பொத்திக்கொண்டிருந்த ரோஸ்லின் அப்பாவைப் பார்த்து, "வண்டியவே வெளிய கொண்டாந்துட்டார்லப்பா, தேதி பேசுங்க" என்றாள்.

பேசினார்கள். அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் குக்கரை அடுப்பில் வைத்தாலும், நாற்காலியை நகர்த்தினாலும், ஹேண்டிலைக் கண்ணால்கூடப் பார்த்திராத பேத்தி வரைக்கும் கேட்கிறார்கள்:

"கியரைப் பாத்தீங்களா?"

பார்த்துவிட்டேன், தாயே.