சங்கு தொங்கிய கார்

வெளியே நான் பெரிய பகுத்தறிவுவாதி. அமாவாசைக்கு அமாவாசை காருக்குத் திருஷ்டிக் கயிறு கட்டுகிறவனும் நான்தான். ஒருவனுக்குத் தெரியாமல் இன்னொருவனைக் காப்பாற்றிவந்தேன்.

பாகூருக்குப் பழைய சொகுசுக் கார் ஒன்றை வாங்கி வந்த புதிது. முன்னால் கட்டினால் நண்பர்கள் சிரிப்பார்களே என்று, அடியில் பின்சக்கரத்தை ஒட்டியிருந்த ஒரு மெல்லிய கம்பியில் எலுமிச்சம்பழத்தைக் கட்டினேன். (கட்டுறதுக்குன்னே வெச்ச மாதிரி இருந்துச்சு.)

மறுநாளே டாஷ்போர்டில் சஸ்பென்ஷன் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. துணைக்கு ஸ்டெபிலிட்டி விளக்கும். மெக்கானிக்கிடம் ஓடினேன். போகும் முன் கயிற்றை அவிழ்த்துவிட்டேன். பார்த்தால் என்ன நினைப்பார்? அவர் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி நல்லா கீது சார்" என்றார். வீட்டுக்கு வந்து மறுபடி கட்டினேன். மறுபடி எரிந்தது. மூன்று தடவை இதே கதை. எவனோ நன்றாகக் கண் வைத்திருக்கிறான் என்று முடிவுகட்டி, பழத்தோடு படிகாரத்தைச் சேர்த்தேன். பிறகு ஒரு சங்கு.

அந்தச் சமயத்தில்தான் மச்சினிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கம்பெனி ஒன்றில் வண்டிகளைப் பராமரிக்கிறவர். கிருமாம்பாக்கத்திலிருந்து அவரை அழைத்துவருவது என் பொறுப்பு.

"வெளக்கு எரியிற வண்டியில மாப்ளைய இட்டாறதா? நம்ம டிராக்டர் கீது" என்றார் மாமனார். கரும்பு ஏற்றும் டிராக்டர். எனக்கு மானம் போயிற்று.

"அதெல்லாம் சரி பண்ணிட்டேன் மாமா" என்று அடித்துவிட்டேன். அன்று காலை கட்டிய கட்டு இருக்கிறதே, ஊர்க் கண் மொத்தத்துக்கும் சேர்த்துக் கட்டியது.

மாப்பிள்ளையோடு பாகூர் ரோட்டில் திரும்பியதும் எல்லா விளக்கும் எரிந்தன. வண்டியின் பின்பக்கம் மாடு படுப்பதுபோல மெல்ல இறங்கியது. மண்டபத்தில் மாமியார் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார். மாமனார் போன் செய்தார், நான் எடுக்கவில்லை. மாப்பிள்ளை மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்து, பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தார்.

"இன்னா சகல இது? வண்டி எவ்ளோ ஒசரத்துல கீதுன்னு பாக்குற சென்சார் கம்பி இது. இதுல போயி சங்கக் கட்டிக்கிறீங்க. வெயிட்டு கம்பிய கீழ இழுக்கச் சொல்ல, வண்டி ஒசரமா கீதுன்னு நெனச்சிக்கினு அதுவா காத்த எறக்கிவுடுது."

"திருஷ்டிக்கு" என்றேன், தரையைப் பார்த்து.

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எனக்கும். நடுரோட்டில் இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். கயிற்றை அறுத்து, இன்ஜினை அணைத்து மறுபடி கிளப்பியதும் பின்பக்கம் எழுந்துகொண்டது. கொஞ்ச தூரம் போனதும் விளக்குகளும் அணைந்தன. மாப்பிள்ளை கழுத்தில் மாலையும் கையில் சங்குமாக மண்டபத்தில் இறங்கினார். கேட்டவர்களுக்கெல்லாம் விளக்கமாகச் சொன்னார்.

அந்தச் சங்கு இன்றும் சகலை வீட்டு டிவி பக்கத்தில் இருக்கிறது. எனக்கு முதுகு வலி என்றால்கூட என் மனைவி தைலத்தைத் தேடுவதில்லை.

"மொதல்ல எங்க இன்னாத்தக் கட்டி வெச்சிக்கிறீங்கன்னு பாத்து அவுருங்க" என்கிறாள்.