கண்ணைக் காட்டு கம்பவுண்டர்

குடவாசலுக்கும் நன்னிலத்துக்கும் இடையில், கீழ் இமை என்று ஒன்று உள்ள எந்த ஜீவனையும் அவர் விட்டு வைத்ததில்லை. மனிதர்களை முடித்துவிட்டு ஒருமுறை கோயில் காளையின் இமையையும் இழுத்துப் பார்த்தார் என்பார்கள். காளைக்கு ரத்தம் நன்றாக இருந்ததாம். "இந்த ஊர்ல உழைக்காம தின்னுற எல்லாத்துக்கும் ரத்தம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அது முட்டுவதற்குள் வரப்பில் இறங்கி ஓடினாராம்.

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் கம்பவுண்டர், நான் எழுத்தர். டாக்டர் வாரத்தில் ஒருநாள் வருவார். மற்ற நாட்களில் மருந்து, கட்டு, ஊசி, வசவு எல்லாம் கம்பவுண்டர்தான். அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. மாதாமாதம் அதை எழுதியவன் நான், எனக்கே மறந்துவிட்டது. ஊருக்கு அவர் 'கண்ணைக் காட்டு'. எதிரே யார் வந்தாலும் வணக்கம் கிடையாது, சௌக்கியமா கிடையாது. "கண்ணைக் காட்டு!" என்று கட்டைவிரலால் கீழ் இமையை இழுப்பார். உள்ளே சிவப்பாக இருந்தால் "போ" என்பார். வெளுத்திருந்தால் சோகை என்று அர்த்தம். ஆளை நிற்க வைத்துத் திட்டுவார். ஊரில் பாதிப் பேர் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

கணக்குப்பிள்ளை வீட்டுக் கல்யாணம். தாலி கட்டும் நேரம். எல்லோரும் கையில் அட்சதையோடு காத்திருக்க, இவர் மணமேடையில் ஏறி மணப்பெண்ணின் இமையை இழுத்தார். நாயனம் நின்றுவிட்டது.

"யோவ், என்னய்யா பண்றே?" என்று பெண்ணின் தகப்பனார் பாய்ந்தார்.

"நீ பண்ணாததைப் பண்றேன். பொண்ணு வெளுத்துப் போயி நிக்கிறா. கழுத்துல இவ்ளோ ஏத்தியிருக்கியே, வயித்துக்குள்ள ஒரு பிடி முருங்கைக்கீரை ஏத்துனியா?" என்றவர், மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "நீயும் காட்டு."

மாப்பிள்ளை தாலியைக் கையில் வைத்துக்கொண்டே கண்ணைக் காட்டினார்.

பஸ் கண்டக்டர் டிக்கெட்டுக்குக் கை நீட்டினால், இவர் கண்டக்டரின் முகத்துக்குக் கை நீட்டுவார். இரண்டு கையும் நடுவழியில் மோதிக்கொள்ளும்.

அது ஆட்சி மாறிப் புதுசு. டீக்கடை தோறும் கறுப்பு சிவப்புக் கொடி. கீழத்தெரு முனையில் செங்கொடி. கூலி நெல்லை அரைப்படி கூட்டிக் கேட்டதற்கு அடிதடி நடந்துகொண்டிருந்தது. மிராசுதார்களுக்கு ஒரு சங்கம், வயலில் இறங்குகிறவர்களுக்கு ஒரு சங்கம். இரண்டு சங்கத்துக்கும் ஒத்துப்போன ஒரே விஷயம், கம்பவுண்டரைப் பிடிக்காது என்பது. செங்கொடி ஊர்வலத்தின் நடுவில் சைக்கிளை விட்டுத் தலைவரை மறித்தார்.

"தோழர், கொடியில இருக்கிற சிவப்புல கால்வாசி உங்க ஆளுங்க கண்ணுல இல்ல. கூலி கேக்குறப்ப காலுக்குச் செருப்பும் சேத்துக் கேளுங்க."

"அதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் கம்பவுண்டரே, வழி விடுங்க."

"அப்புறம்னா எப்ப? எல்லாரும் செத்ததுக்கு அப்புறமா?"

ஊரின் பெரிய மிராசுதார் என் தாய்மாமா. அவர் சிபாரிசில்தான் எனக்கு அந்த எழுத்தர் வேலை. மாமாவுக்கு ரத்தக் கொதிப்பு பார்க்கப் போன கம்பவுண்டரிடம், "அதென்னய்யா ஊரெல்லாம் கொக்கிப்புழு கொக்கிப்புழுன்னு கத்துறியாம்?" என்று மாமா கேட்டார்.

"உள்ள உக்காந்துக்கிட்டு, ஒரு வேலையும் செய்யாம, அடுத்தவன் விளைச்சல்ல மேல்வாரம் வாங்குற புழுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

மாமா சிரித்தார். பாதிச் சிரிப்பில் நிறுத்தினார்.

விஷயம் எளிது. ஜனங்கள் வெளிக்குப் போகிற ஈர மண்ணில் அந்தப் புழு இருக்கும். வெறுங்காலோடு போனால் பாதத்தைத் துளைத்து ஏறும். குடலில் கடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் ரத்தம் குடிக்கும். பூச்சிக்கு மருந்து, ரத்தத்துக்கு இரும்பு மாத்திரை, வாய்க்குக் கீரை, காலுக்குச் செருப்பு. அவ்வளவுதான் அவருடைய வைத்தியம். இப்போது தஞ்சாவூரில் நான் இருக்கும் குடியிருப்பில், விலை உயர்ந்த ஷூ மாட்டிக்கொண்டு காலையில் நடக்கிறவர்கள் ஹீமோகுளோபினைப் பற்றியும் பேரீச்சம்பழத்தைப் பற்றியும் மூச்சு வாங்கப் பேசுகிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு ஜோடி டயர் செருப்புக்காக ஒரு மனுஷனை நாங்கள் என்ன செய்தோம் என்று இவர்களை நிறுத்திச் சொல்லத் தோன்றும். சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

அஞ்சம்மாள் என்று ஒரு பெண், கீழத்தெருவில். தை அறுவடையின்போது களத்தில் பச்சை நெல்லை உமியோடு மென்றாள் என்று மாமாவின் காரியக்காரர் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்து வந்தார். கம்பவுண்டர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார்.

"விடுய்யா கையை! அது திருட்டு இல்ல, நோய். ரத்தம் வத்துனவங்க பச்சரிசி கேப்பாங்க, செவுத்து மண்ணு கேப்பாங்க, செங்கப்பொடி கேப்பாங்க. உனக்கு என்ன நோய்னு நான் சொல்லவா?"

இமையை இழுத்தார். திட்டவில்லை. அவர் திட்டாவிட்டால் நிலைமை மோசம் என்று எங்களுக்குத் தெரியும். அவள் மூன்று மாதக் கர்ப்பம். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை.

"இதாவது தங்குமாங்கய்யா?" என்று கேட்டாள்.

"நான் சொல்றதைக் கேட்டா தங்கும். கேக்கலைன்னா அதோட நீயும் போயிடுவ."

அன்றிலிருந்து அவருக்கு அது ஒன்றுதான் வேலை. பூச்சி மருந்தை மாதம் பார்த்துக் கொடுத்தார். மாத்திரை கொடுத்தார். சாப்பிட்டால் கறுப்பாக வெளியே போகிறது என்று பயந்து அவள் மாத்திரைகளை வைக்கோல் போரில் சொருகி வைத்தாள். கண்டுபிடித்துவிட்டார். "வைக்கோலுக்கா சோகை? வைக்கோலா பிள்ளை பெக்கப் போவுது?" என்று கத்தியது ஆற்றின் மறுகரையில் கேட்டது. பிறகு தினமும் எதிரே நின்று முழுங்க வைத்தார். குடவாசலில் செருப்பு தைப்பவரிடம் சொல்லி, பழைய லாரி டயரில் கீழத்தெருப் பெண்களுக்கெல்லாம் செருப்பு செய்து கொண்டுவந்தார்.

இங்கேதான் சிக்கல். கீழத்தெருப் பெண்கள் ஒதுங்கப் போகும் ஆற்றுப் படுகைக்கு மேலத்தெரு முனையைத் தாண்டித்தான் போக வேண்டும். மேலத்தெருவில் அவர்கள் செருப்புப் போடக் கூடாது. யார் போட்ட சட்டம் என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் போட்டதுதான். அதனால் பெண்கள் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்கள். படுகையிலும் அதைக் கீழே போடப் பயந்து, இடுக்கியபடியே திரும்பினார்கள்.

"ஏன்டி, புழு அக்குள் வழியாவா ஏறுது?" என்று தெருவே அதிரக் கத்தினார். "கால்ல போடுங்கடி! கால்ல!"

பங்குனியில் ஒரு காலை. மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில். தெரு முனையில் சளக் சளக் என்று சத்தம். ஐந்து மாத வயிற்றோடு அஞ்சம்மாள் வந்தாள். காலில் செருப்பு.

"யாருடி அது? கால்ல என்னடி?"

அவள் நின்றாள். ஆனால் கழற்றவில்லை. "இது செருப்பில்லீங்க ஆண்டே. மருந்துங்க."

மாமாவுக்கு முகம் ரத்தமாகச் சிவந்தது. கம்பவுண்டர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அன்று சாயங்காலம் மாமா என்னிடம் பேப்பரை நீட்டினார். "நீதான்டா படிச்சவன். நல்லா எழுது. செருப்பைப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது. இப்ப இருக்கிற ஆட்சியில அது நம்ம மேலேயே திரும்பும். பொம்பளை விஷயமா எழுது. அது எந்த ஆட்சியிலயும் எடுபடும்."

எழுதினேன். 'மேற்படி கம்பவுண்டர் வழியில் தனியாக வரும் பெண்களை நிறுத்தி அவர்கள் முகத்தைத் தொடும் வழக்கம் உடையவர். முகூர்த்த நேரத்தில் மணப்பெண்ணையும் விட்டு வைக்கவில்லை.' ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. மொத்தமும் பொய். மாமா படித்துவிட்டு, "பி.ஏ.ன்னா பி.ஏ.தான்டா" என்று முதுகில் தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. பயந்து எழுதினேன் என்று சொன்னால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். பயந்து எழுதவில்லை.

சித்திரையில் உத்தரவு வந்தது. கோடியக்கரைக்கு மாற்றம். "அங்க கொக்கும் நாரையும்தான். இமையை இழுக்கட்டும், கொத்தும்" என்று மாமா சொல்ல, மேலத்தெருவே சிரித்தது. நானும்.

கிளம்பும் அன்று மருந்துக் கையிருப்பை என்னிடம் ஒப்படைத்தார். கடைசியாக ஒரு டின்னை மேசைமேல் வைத்தார்.

"ஏய் பி.ஏ., இது அஞ்சம்மாளுக்கு. அவ பெத்து எழுந்திருக்கிற வரைக்கும் வரும். கையில குடுத்துட்டு வந்துடாத. எதிர நின்னு முழுங்க வை. ஒருநாள் விட்டேன்னு தெரிஞ்சுது, கோடியக்கரையிலேருந்து நடந்தே வந்து உன்னை ஒதைப்பேன்."

"பாத்துக்கிறேன் சார்."

முதல் நாள் போனேன். கீழத்தெருவுக்குள் போகவில்லை. வாய்க்கால் மதகடியில் நின்று கூப்பிட்டனுப்பினேன். வெறுங்காலோடு வந்தாள். கம்பவுண்டர் பஸ் ஏறிய அன்றே காரியக்காரர் வீடு வீடாகச் செருப்பைப் பிடுங்கிக் களத்தில் போட்டுக் கொளுத்தியிருந்தார். டயர் எரிந்த நாற்றம் இரண்டு நாள் ஊரில் நின்றது. அவள் மாத்திரையை முழுங்கிவிட்டு, "கம்பவுண்டரய்யா வருவாருங்களா?" என்றாள். தெரியாது என்றேன். மறுநாள் மதகடியில் காரியக்காரர் வந்தார். "என்ன தம்பி, இந்தப் பக்கம்?"

"சும்மா, காத்து வாங்க."

அதோடு சரி. டின் என் மேசை இழுப்பறையில் இருந்தது. நாளைக்குப் போகலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். ஆனி நடவில் அவள் எட்டு மாத வயிற்றோடு குனிந்து நாற்று நடுவதைச் சைக்கிளில் போகும்போது பார்த்தேன். நான் அவளைப் பார்க்காத மாதிரி போனேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

ஆடிப்பெருக்குக்கு நாலு நாள் இருக்கையில், நடுப்பகலில் மாட்டுவண்டி வந்தது. அஞ்சம்மாளுக்கு வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. பிறகு உதிரம் நிற்கவில்லை. அது டாக்டர் வருகிற நாள் இல்லை. புதுக் கம்பவுண்டர் இன்னும் போடப்படவில்லை. சுகாதார நிலையத்தில் இருந்தது ஒரு பேனாவும் நானும். எனக்கு வைத்தியம் தெரியாது. வண்டியில் ஏறி அவள் இமையை இழுத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு. நன்னிலம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டச் சொன்னேன். பாதி வழியிலேயே வண்டியைத் திருப்பிவிட்டார்கள்.

கம்பவுண்டருக்குக் கார்டு போட்டேன். மூன்றாம் நாள் காலையில் வந்து நின்றார். "மாத்திரை?" என்றார். இழுப்பறையைத் திறந்தேன். டின்னை எடுத்து ஒருமுறை குலுக்கிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டு கீழத்தெருவுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். என் வாழ்க்கையில் அந்தத் தெருவுக்குள் அன்றுதான் கால் வைத்தேன்.

குழந்தையின் இமையைச் சுண்டுவிரலால் மெல்ல இழுத்துப் பார்த்தார். அடுத்த நிமிஷம் பழைய குரல் கிளம்பியது.

"தொப்புள்ல சாம்பல் வெச்சது யாரு? கையை ஒடிச்சுருவேன்! துடைங்கடி முதல்ல. தண்ணி கொதிச்சுதா? கொதிக்கலைன்னா குழந்தை பக்கத்துல வராத. நகத்தை வெட்டு. ஏய், நீதானே அஞ்சம்மா அக்கா? உனக்குத்தான் கைக்குழந்தை இருக்கே, இதுக்கும் சேத்துக் குடு. கண்ணைக் காட்டு. காட்டுடி! உனக்கும் வெளுப்பு. இந்தா மாத்திரை, முழுங்கு, நான் பாக்கணும்."

அழுதுகொண்டிருந்த வீடு அவருக்குப் பயந்து எழுந்து வேலை செய்தது. அந்தக் குழந்தை பிழைத்தது. அக்காக்காரிதான் வளர்த்தாள்.

நிழலில்லாத பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரும் நின்றோம். "சார், அந்த மனுவை எழுதினது நான்தான்" என்றேன்.

"தெரியும். இந்த ஊர்ல வேற யாருக்கு அப்படிப் பிழையில்லாம எழுத வரும்?"

"மாத்திரையும்..."

"அதான் பாத்தேனே."

நான் காத்திருந்தேன். மணப்பெண்ணையும் தலைவரையும் மிராசுதாரையும் திட்டிய வாய். எனக்கு எவ்வளவு வரும் என்று காத்திருந்தேன். பஸ் வந்தது. ஏறினார். படியில் நின்றபடி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மூணு நாளா நீ ஒண்ணும் சாப்பிடலை போலருக்கு. போய்ச் சாப்பிடு, போ."

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். அவர் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.