முதலில் சாமான், பிறகு தவணை

உலகப் பொருளாதாரத்தைத் தாங்கி நிற்பது இடுப்பு வலி. ஆராய்ந்து சொல்லவில்லை, அனுபவித்துச் சொல்கிறேன். தேயிலை மூட்டை தூக்கி என் அப்பாவுக்கு வந்தது சாதாரண வலி. எனக்கு வந்ததோ 'இளநிலை நிதி ஆலோசகர்' பயிற்சியில் கிடைத்த உயர்தர வலி. வெற்றியாளர்கள் உட்காரமாட்டார்களாம். ஆகவே ரிங்லெட் மலையூரில் உள்ள எங்கள் அலுவலகத்தில் நாற்காலியே கிடையாது.

கணக்கியல் டிப்ளோமாவோடு ஓராண்டு சும்மா கிடந்த என்னை ஆட்கொண்டவர் காப்புறுதி நிறுவனக் குழுத் தலைவர் குகனேஸ்வரன்.

"கணக்கு தெரிஞ்சவனுக்கு வாய் இருக்காது. வாய் உள்ளவனுக்கு கணக்கு வராது. ஒனக்கு ரெண்டும் இருக்கு லா, லோகேஸ்வரா!"

"சம்பளம் எவ்வளவுண்ணே?"

"சம்பளமா? அது கூலிக்காரன் வாங்கறது. நீ பிசினஸ்மேன்."

மூன்று தலைமுறைக் கூலித்தனத்தை ஒரே வாக்கியத்தில் போக்கிவிட்டார். சம்பளத்தோடு சேர்த்து. மாதக் கடைசிக்குள் ஐந்து பேருக்குக் காப்புறுதிப் பாலிசி விற்றால் வேலை நிரந்தரம். விற்காவிட்டால் நிறுவனம் மாட்டிவிட்ட கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாம். கோட்டு வாடகைக்கு.

'தெரிந்தவர்களிடம் தொடங்கு' என்பது நிறுவனத்தின் உயர்ந்த நிதித் தத்துவம். எங்கள் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கே போனேன். இராசம்மா அத்தை கொழுந்து வெட்டிவிட்டு வந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் 'இடர் மேலாண்மை' குறித்து உரையாற்றினேன்.

"கோட்டு நல்லாருக்குடா, குளிருக்கு ஆவும். ஆஸ்பத்திரி செலவு குடுப்பீங்களா?"

"குடுப்போம் அத்தே."

"அப்ப மொதல்ல குடு. மாசாமாசம் சம்பளத்துல கட்டிடறேன்."

"அப்படி இல்ல அத்தே. நீங்க மொதல்ல கட்டணும். ஏதாச்சும் ஆனா நாங்க குடுப்போம்."

"ஒண்ணும் ஆவலன்னா?"

"சந்தோசம்."

"காசக் கட்டிட்டு, எப்ப கெட்டது நடக்கும்னு காத்துக் கெடக்கணுமா? துணிக்காரரு சேலையக் குடுத்துட்டுத்தானே தவணைக்கு வராரு? குக்கர்காரனும் அப்படித்தான். நீ சாமானையே காட்டாம காசு கேக்கறியே!"

அடுத்தடுத்த வீடுகளுக்குப் போனேன். லயம் முழுக்க இதே தீர்ப்புதான். பக்கத்து வீட்டுக் கருப்பையா மாமா மட்டும் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"எனக்கு ஒரு மாரடைப்பு எடுத்து வெய்யி மாப்ள. சம்பளத்தன்னிக்கு பாத்துக்கலாம்."

குகனேஸ்வரனிடம் முறையிட்டேன்.

"மொத தவணைய நீயே கட்டிடு. அது செலவில்ல, முதலீடு."

"என்கிட்ட ஏதுண்ணே காசு?"

"விக்கத் தெரிஞ்சவனுக்குக் கடன் கேக்கத் தெரியாதா?"

தெரிந்தது. காப்புறுதிக்கு ஐந்து வெள்ளிப் பணம்கூடத் தராத அத்தை, "ஒனக்கு வேலை நெலைக்கணும்டா" என்று, ஈப்போ ஆஸ்பத்திரியில் காலைக் காட்ட வைத்திருந்த பணத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தார். நான் உரையாற்றவே வேண்டியிருக்கவில்லை. மாமாவும் அத்தையும் இன்னும் மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்து பேருக்கும் அந்தப் பணத்தில் நானே கட்டினேன்.

வேலை நிரந்தரமானது. கமிஷனில் பயிற்சிக் கட்டணமும் கோட்டு வாடகையும் கழித்தது போக எனக்கு ஒரு கைதட்டல் மிஞ்சியது. குகனேஸ்வரனுக்குப் பாலித் தீவுச் சுற்றுலா கிடைத்தது. அடுத்த மாதம் தவணை கட்ட ஆளில்லாமல் ஐந்தும் காலாவதியாயின. 'சோர்ந்துவிடாதே, புது ஐந்து பேரைப் பிடி' என்று அவர் கடற்கரையிலிருந்து வாழ்த்து அனுப்பினார்.

எதிர்பாராத இழப்பிலிருந்து ஏழைகளைக் காக்கவே பிறந்த நிறுவனம் எங்களுடையது. லயத்துக்குள் அந்த இழப்பைக் கொண்டு போய்ச் சேர்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்தப் பதவிக்குப் பெயர்தான் 'நிதி ஆலோசகர்'. இராசம்மா அத்தை நொண்டிக்கொண்டே மலை ஏறுகிறார். அவருக்கு நான் தர வேண்டியது ஆயிரத்து இருநூறு வெள்ளி.