ஆகாயக் கர்ணமும் என் அரை வேலி நிலமும்

கூத்தாநல்லூர் வழி,
புரட்டாசி மாதம், 1972.

சென்னைப் பட்டணத்தில் அரசாங்க உத்தியோகமும் பார்த்துக்கொண்டு, வாரப் பத்திரிகையில் விஞ்ஞானத் தொடர்கதையும் எழுதிக் குடும்பத்துக்குப் பெருமை சேர்த்துவரும் என் அக்காள் மகன் சிரஞ்சீவி இராஜாங்கத்துக்கு, உன் தாய்மாமன் காயாரோகணம் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது.

இவ்விடம் நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். உன் அத்தை கமலவல்லி சுகம். பசுமாடு சுகம். என்னைப் பற்றிச் சொல்வதற்கில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. இதற்கெல்லாம் காரணம் நீ. கோபித்துக்கொள்ளாமல் மேலே படி.

சித்திரையில் உன் தொடர்கதை ஆரம்பித்தபோது கூத்தாநல்லூர் பஸ் ஸ்டாண்டு கடையில் முதல் ஆளாக நின்று பத்திரிகை வாங்கியவன் நான்தான். கி.பி. இரண்டாயிரத்தில் பூமிக்கு மேலே ஒரு யந்திரம் சுற்றிச் சுற்றி வருகிறது, ஊர் நிலக்கணக்கு எழுதும் கர்ணத்தைப் போல அதற்கு 'ஆகாயக் கர்ணம்' என்று பெயர், அது ஒவ்வொரு வயலையும் படம் பிடித்து, உழுதவன் யார், நட்டவள் யார், வரப்பில் குடை பிடித்து நின்றவன் யார் என்று தனித்தனியாகச் சொல்லிவிடும், அதை வைத்து சர்க்கார் பட்டாவை மாற்றி எழுதும் என்று நீ எழுதியிருந்தாய். எவ்வளவு அழகான கற்பனை! டீக்கடையில் படித்துக் காட்டினேன். சலூனில் படித்துக் காட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மன்னார்குடிக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது, பின் சீட்டில் இருந்த நம் மிராசுதார் துரைராசு அவர்களிடமும் கதையை ஒரு வரி விடாமல் ஒப்பித்தேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்து, "உன் மருமவன் நல்லா ரீல் விடுறான்யா" என்றார். அன்றைக்குச் சிரித்ததுதான். அப்புறம் அவர் சிரித்து யாரும் பார்க்கவில்லை.

அவருடைய நிலவரம் உனக்குத் தெரிந்ததே. ஆட்சி மாறியபோது வேட்டிக் கரையை மாற்றிக்கொண்டார். பதினைந்து ஏக்கர் உச்சவரம்புச் சட்டம் வந்தபோது நிலத்தின் பெயரை மாற்றிக்கொண்டார். மைத்துனர் பெயரில் கொஞ்சம், சமையற்காரர் பெயரில் கொஞ்சம், வாய்க்கால் கடைமடையில் அரை வேலி, அதாவது மூன்றேகால் ஏக்கர் சொச்சம், என் பெயரில். கார் பானெட் மேல் பத்திரத்தை விரித்துக் கையெழுத்து வாங்கினார். இது ஊரில் எல்லோருக்கும் தெரியும், ரகசியமே கிடையாது. என்னைப் பொறுத்தவரை அந்த நிலம் எனக்குக் காரை நிறுத்துகிற இடம். அங்கே ஒரு புங்கமரம் இருக்கிறது, நல்ல நிழல். அவ்வளவுதான் சம்பந்தம்.

இப்படி இருக்கையில் ஆடி மாசம் பேப்பரில் ஒரு சேதி வந்தது மாப்ளே. அமெரிக்காக்காரன் ஒரு யந்திரத்தை வானத்துக்கு அனுப்பிட்டான், அது பூமியைச் சுத்திக்கிட்டே காடு, தண்ணி, பயிர் பச்சை எல்லாத்தையும் படம் பிடிக்குதுன்னு! மிராசுதார் இட்லியை அப்படியே தட்டுல வச்சுட்டு, "காயாரோகணம்! உன் மருமவன் சித்திரையிலயே எழுதினானேய்யா!"ன்னு கத்தினார். நீ எத்தனையோ எழுதியிருக்கே. ஒரு மாத்திரை போட்டா ஒரு வாரம் பசிக்காதுன்னு எழுதினே, அது வரல, ரேஷன் கடையிலதான் நிக்கறோம். பறக்கும் பஸ்ஸுன்னு எழுதினே, தரையில ஓடற பஸ்ஸே இங்க நேரத்துக்கு வரல. இது ஒண்ணு மட்டும் ஏண்டா வந்து தொலைஞ்சது? அதுவும் கி.பி. இரண்டாயிரத்துல வரவேண்டியது?

உடனே காரை எடுன்னார். மன்னார்குடி வக்கீல் வீடு. வக்கீல் பொறுமையா, "படத்துல பச்சையாத்தான் தெரியும் சார், பேரெல்லாம் தெரியாது, அது கதை"ன்னார். மிராசுதார், "நிலாவுல ஆள் நடக்கறதும் கதைன்னுதான் நீங்க சொன்னீங்க"ன்னு ஒரே போடு போட்டார். அங்கேருந்து வேளாங்கண்ணி. மெழுகுவத்தி ஏத்திட்டு, மாதா கோயில் வாசல்ல நின்னு அண்ணாந்து பார்க்கறார், உடனே தலையில துண்டைப் போட்டுக்கறார். வீட்டு முற்றத்துக்குப் பந்தல் போட்டாச்சு. வயல் பக்கம் போறதை நிறுத்தியாச்சு. காரை எங்க நிறுத்தினாலும் புளியமரத்துக்கு அடியிலதான் நிறுத்தணும்.

ஒண்ணு சொல்லணும். பயம் அவருக்கு மட்டும் இல்ல. வாய்க்கால் மடையை உடைச்சுத் தண்ணி திருப்பறவங்க எல்லாம் இந்த வருஷம் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டாங்க, மேலேருந்து பாக்குதாம். அதனால கடைமடைக்குத் தண்ணி தானா வந்து நின்னுது. பொதுப்பணித்துறையால முடியாததை நீ ஒரு அத்தியாயத்துல முடிச்சே.

ஆனா அந்தத் தண்ணி வந்ததுதான் எனக்கு வினையாப் போச்சு. மிராசுதாருக்கு ஒரு யோசனை. "யந்திரம் ஆளைப் பார்த்துத்தானேய்யா எழுதும்? யார் பேர்ல நிலம் இருக்கோ அவனே வயல்ல நின்னு உழுவணும்"னு உத்தரவு போட்டுட்டார். மைத்துனர் காசி யாத்திரை போறேன்னு ஓடிட்டார். சமையற்காரர் கால் வலின்னு படுத்துட்டார். நான் மாட்டிக்கிட்டேன். காக்கிச் சட்டையோட ஏர்ல கை வச்சேன். மரத்தடியில நின்ன காருக்குள்ளேருந்து, "சட்டையைக் கழட்டுய்யா, மேலேருந்து பார்த்தா போலீஸ்னு நினைச்சுக்கும்!"னு மிராசுதார் குரல். ஸ்டியரிங் பிடிச்ச கைன்னு மாட்டுக்கு எப்படிடா தெரியும்? நான் வலப்பக்கம் ஒடிச்சா அதுங்க இடப்பக்கம் போவுது. நிறுத்தணும்னா கால் தானா பிரேக்கைத் தேடுது. சேத்துல பிரேக் ஏது? ரெண்டு மாடும் நானும் ஏரும் வாய்க்கால்ல போய் விழுந்தோம். நாற்றங்கால்ல நின்ன பொம்பளைங்க சிரிச்ச சிரிப்பு பூதலூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

கரையேறி நிக்கறேன், எதிர்ல அம்சவல்லி. நடவு ஆளுங்களுக்குத் தலைவி, சங்கத்துல இருக்கற பொண்ணு. பின்னாடி அத்தனை பேரும் நிக்கறாங்க, ஒருத்தி கையில செங்கொடி.

"வணக்கம் நிலத்துக்காரரே"ன்னா.

"கேலி பண்ணாதம்மா"ன்னேன்.

"கேலி இல்லீங்க. நாத்து முத்திப் போவுது. நடவுக்குக் கூலி பேசணும்."

"பண்ணையார்கிட்ட பேசுங்க."

"நேத்தே பேசிட்டோம். 'எனக்கு ஏதும்மா நிலம், நிலத்துக்காரனைப் போய்க் கேளு'ன்னு பந்தலுக்குள்ள உக்காந்துகிட்டு சொல்றாரு. சரி, நீங்கதானே நிலத்துக்காரரு? சொல்லுங்க."

"நானே கூலிக்காரன்மா."

அவ ஒரு அடி கிட்ட வந்தா. அப்புறம் மெதுவா சொன்னா. "போன அறுப்புல கூலி கேட்டதுக்கு எங்க வீட்டுக்காரருக்கு முட்டியில அடி. இன்னிக்கும் வரப்புல நேரா நடக்க முடியல. பட்டப்பகல்ல அடிச்சாங்க. அடிச்சவன் யாருன்னு சொல்ல ஊர்ல ஒரு கண்ணு இல்ல. உங்க மருமவன் கதையில வருதாமே ஒரு கண்ணு, அது அன்னிக்கு மேல இருந்திருந்தா பார்த்திருக்கும்ல?"

அவ புருஷன் ரெத்தினத்தை எனக்குத் தெரியும். கைத்தடியை ஊணிக்கிட்டு டீக்கடை வாசல்ல உக்காந்திருப்பான். உன் கதையை நான் படிக்கறப்ப எல்லாரும் சிரிச்சாங்க, அவன் மட்டும் சிரிக்கல, "அப்புறம்? அப்புறம் என்ன பண்ணுச்சு?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். அது ஏன்னு அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. என்ன ஆச்சோ தெரியல மாப்ளே, "நீங்க கேட்ட கூலியே இருக்கட்டும்மா, இறங்குங்க"ன்னுட்டேன். என் வாய்தான் சொல்லுச்சு. நான் அதைப் பக்கத்துல நின்னு கேட்டேன்.

ரெண்டு நாள்ல அரை வேலியும் நட்டு முடிஞ்சுது. உன் அத்தையும் புடவையைச் செருகிக்கிட்டு இறங்கிட்டா. மத்த பண்ணைங்கள்ல ஆளுங்க உடனே, "காயாரோகணம் குடுக்கற கூலி எங்களுக்கும் வேணும்"னு உக்காந்துட்டாங்க. மிராசுதாருங்க எல்லாம் ஒண்ணா வந்து நம்ம மொதலாளி வாசல்ல நின்னு, "உங்க டிரைவர்தான் இப்ப ஜில்லாவுக்கே கூலி நிர்ணயம் பண்றானா?"ன்னு கேட்டாங்க. அவர் முகம் எப்படி இருந்திருக்கும்னு நீயே எழுதிக்க, நீ எழுத்தாளன். என்னைக் கூப்பிட்டு, "வர்ற புதன்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வா, நிலத்தைச் சமையற்காரன் பேர்ல மாத்தணும். வரலைன்னா கார் சாவியையும் வச்சுட்டு, நீ குடியிருக்கற ஷெட்டுப் பக்கத்து வீட்டையும் காலி பண்ணு. ரெத்தினத்துக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல"ன்னார். கடைசி வார்த்தையை ரொம்ப அன்பாச் சொன்னார்.

உன் அத்தைகிட்ட சொன்னேன். களை எடுக்கணும்னு வயலுக்குப் போயிட்டா. நேத்து நட்ட பயிர்ல ஏதுடா களை?

ஆகையினால் மாப்ளே, தாய்மாமன் என்ற உரிமையில் கேட்கிறேன். அடுத்த வார அத்தியாயத்தில் அந்த ஆகாயக் கர்ணத்தைக் கடலில் விழச் செய்துவிடு. இல்லாவிட்டால் அதற்குக் கண் புரை விழுந்து ஒன்றும் தெரியாமல் போனதாக எழுது. விஞ்ஞானப்படி எது பொருத்தமோ அது. மிராசுதார் பயம் தெளிந்து பந்தலைப் பிரிப்பார், நிலத்தை எடுத்துக்கொள்வார், நான் பழையபடி கார் ஓட்டுவேன், கூலி விஷயத்தை அவர்களுக்குள் அவர்கள் பேசிக்கொள்வார்கள். ஒருவன் நிம்மதியாக இருக்க ஒரு யந்திரம் விழுந்தால் தப்பில்லை. உன் கதாநாயகன் வேண்டுமானால் அழட்டும்.

அக்காளுக்கு என் அன்பைச் சொல். மழைக்காலத்தில் பட்டணத்துத் தண்ணீரைக் காய்ச்சிக் குடி. நீ நூறு வயசு இருந்து, எழுதுவதில் பாதியாவது பலிக்காமல், ஊருக்கு நல்லவனாகப் பேரும் புகழும் பெற வேண்டுமென்று ஆசீர்வதிக்கும்,

உன் மாமன்
காயாரோகணம்,
டிரைவர்.

பி.கு.: தபாலில் சேர்க்காமல் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். இன்றைக்குப் புதன்கிழமை. மேலே எழுதினதையெல்லாம் அடிச்சுடு மாப்ளே, ஒண்ணும் வேண்டாம். காலையில காரைத் துடைச்சு வாசல்ல நிறுத்திட்டு, சாவியை அவர் மேசை மேல வச்சுட்டு, கையெழுத்துப் போட வரலீங்கன்னு சொல்லிட்டு நடந்து வந்துட்டேன். வீடும் போச்சு. புங்கமரத்தடியில அம்சவல்லி ஆளுங்க கீத்து வேய்ஞ்சு ஒரு குடிசை போட்டுக் குடுத்திருக்காங்க, ரெத்தினம் வாசல்ல கைத்தடியை ஊணிக்கிட்டு காவலுக்கு உக்காந்திருக்கான். ராத்திரி மிராசுதார் ஆள் அனுப்புவாரோன்னு பயமா இருக்கு. அதனால யந்திரத்தை விழவிட்டுடாதே. இன்னும் நல்லாப் பார்க்கற மாதிரி எழுது. அவர் பந்தலுக்குள்ளயே இருக்கட்டும். இன்னொண்ணு, ஐப்பசி பிறக்கப் போவுது, இப்பவே தெக்குல கறுத்துக்கிட்டு வருது. வானம் பூரா மேகம் மூடிக்கிச்சுன்னா கீழ நாங்க இருக்கறது அதுக்கு எப்படித் தெரியும்? அதுக்கு ஒரு வழி யோசிச்சு உடனே எழுது.