சம்பந்தி பல் விளக்கிய கரி

சேத்தூர்,
ஞாயிறு காலை.

மரியாதைக்குரிய மச்சான் சீனிச்சாமி அவர்களுக்கு, உங்கள் தங்கை நாகஜோதியின் வீட்டுக்காரன் சமுத்திரம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் உடம்பளவில் சௌக்கியம். மனசு சரியில்லை. போனில் முழுசாகச் சொல்லி முடிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பேசி முடித்த சம்பந்தம் நின்றுவிட்டது. உங்கள் மருமகள், என் மகள் சிவரஞ்சனி ராஜபாளையத்துக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்வது தெரியும். என்ன ஆராய்ச்சி என்று நீங்கள் கேட்டதில்லை. நானும் இப்போதுதான் கேட்டேன். ஹைட்ரஜனிலிருந்து கரண்டு எடுக்கிற பெட்டி ஒன்று இருக்கிறதாம். புகை கிடையாது, தண்ணீர்தான் வெளியே வரும். உள்ளே வேலை நடக்கப் பிளாட்டினம் வேண்டும். அது கொள்ளை விலை என்பதால், தூசியிலும் தூசியாக்கி, கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ள கரியின்மேல் உட்காரவைக்கிறார்கள். அந்தக் கரியை நம் தோப்புத் தேங்காய்ச் சிரட்டையிலேயே செய்யலாம் என்பது இவள் கட்சி. காற்றுப் புகாமல் சுட்டு, மருந்து சேர்த்து மறுபடி சுட்டு, கழுவி, அரைத்து, மாதக்கணக்கில் பாடுபட்டு ஒரு சின்ன டப்பா சேர்த்தாள். மதுரைக்குச் சோதனைக்குக் கொண்டுபோக வீட்டில் எடுத்து வைத்திருந்தாள்.

அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்து தங்கிய சம்பந்தி சோலைச்சாமி காலையில் பல்பொடி கேட்டார். கறுப்பாக இருக்கிறதே என்று உங்கள் தங்கை அந்த டப்பாவை எடுத்து நீட்டிவிட்டாள். அவரும் ஈறு வரைக்கும் தாராளமாகத் தேய்த்து முடித்தபோது சிவரஞ்சனி வந்தாள்.

"மாமா, துப்பிட்டீகளா?"

அவர் தலையாட்டினார்.

"எங்க துப்புனீக? மண்ணுலயா, சிமிண்டுலயா?"

மச்சான், அவர் வயசென்ன, மரியாதையென்ன. வாயெல்லாம் கறுப்பாக அவர் நிற்க, இவள் அழுதுகொண்டே குனிந்து தரையில் கரியைத் தேடிக்கொண்டிருந்தாள். "கரிக்காவ அழுத பொண்ண இப்பத்தாம்மா பாக்கேன்" என்றார். அன்றைக்கு எடுத்த போட்டோவில் அவர் மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார். ஊர் போய்ச் சேர்ந்து, சம்பந்தம் வேண்டாம் என்று போன் செய்துவிட்டார். நீங்கள் மடவார் வளாகத்தில் அவர் வீடுவரை போய், அது சுத்தமான சிரட்டைக் கரிதான், உடம்புக்குக் கெடுதல் வராது என்று சொல்லி, என் சார்பில் மன்னிப்புக் கேட்டு, எப்படியாவது சமாதானம் செய்யவேண்டும். உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கா.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. ஆண்டாள் எல்லோரையும் நல்லபடியாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
சமுத்திரம்

பி.கு.: கவரை ஒட்டப்போகும்போது சிவரஞ்சனி வாங்கிப் படித்தாள். "பல்பொடியால நின்ன கல்யாணம் இல்லப்பா. மாப்பிள்ள ஆராய்ச்சிய விடச் சொன்னாக. நாந்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன். ஒங்க மனசு நோகக் கூடாதுன்னு சோலைச்சாமி மாமா தானே வேண்டாம்னு சொன்னதாப் பழியத் தன்மேல போட்டுக்கிட்டாக" என்றாள். ஆகவே நீங்கள் யாரையும் சமாதானம் செய்யவேண்டாம். இந்தக் கடிதத்தைக் கிழிக்கத்தான் எடுத்தேன். கரியைப் பற்றி எழுதியதில் ஒரு தப்பும் இல்லை என்று அவள் சொன்னாள். அதனால் அனுப்புகிறேன்.